ட்ரோனுக்குக் குறுக்கே விரிந்த குடை

நான் பார்த்த வேலைகளில், வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோனுக்குத் தண்ணீர் சுமப்பதுதான் சுகமானது. அதற்கு முன் லாரியில் கிளீனர், பேராவூரணியில் தேங்காய் ஏற்றுகிற ஆள். ஓரிடத்தில் கால் தரித்ததில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு ட்ரோன் வேலை என்றால் ஊரில் மரியாதையும் கொஞ்சம் கூடும். ட்ரோனை ஓட்டியது வலங்கைமான் பக்கத்துப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய். மருந்து கலப்பதும் பேட்டரி மாற்றுவதும் என் பாடு.

அன்று மருந்தடிக்கக் கூப்பிட்டவர் கும்பகோணத்தில் குடியிருந்த ஒரு பெரியவர். நெல்லில் இலைச்சுருட்டுப் புழு. பட்டாவைப் பார்த்துப் புல எண்ணைப் போனிலேயே சொல்லிவிட்டார். அவள் அதைத் தன் போனிலிருந்த ட்ரோன் ஆப்பில் போட்டதும் திரையில் வயலைச் சுற்றிப் பச்சைக் கோடு விழுந்தது. அவள் பட்டனைத் தட்டினாள். ட்ரோன் எழும்பியது.

பாதி வயல் நனைந்திருக்கும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர், வெயிலுக்குக் கொண்டுவந்த குடையோடு ஓடிவந்து பயிருக்கு நடுவே நின்று, அதை விரித்தார். ஆள் தலைக்கு மேல் பறக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவள் மனப்பாடமாக வைத்திருந்த சட்டம். உடனே இறக்கிவிட்டாள்.

"யாரும்மா உன்ன இங்க அடிக்கச் சொன்னது? இது என் வயலு!"

"கும்பகோணத்துப் பெரியவருதாங்க சொன்னாரு. பட்டாவும் அவரு பேர்லதான் இருக்கு."

"எங்கண்ணன்தான் அது. பட்டா அவரு பேர்ல இருக்கும்மா. பயிரு என்னுது!"

தம்பியின் போர்செட்டு அண்ணன் வயலை ஒட்டி இருந்தது. அதனால் இருவரும் வாய்ப்பேச்சிலேயே வயலை மாற்றிக்கொண்டு, பல வருடமாக அப்படியே சாகுபடி செய்துவந்தார்கள். எங்கள் பக்கம் இது சகஜம். பத்திரம் பதிய அலைய வேண்டுமே என்று விட்டுவிடுவார்கள். ஊருக்கே தெரியும். ட்ரோனுக்கு யாரும் சொல்லவில்லை.

தம்பி போட்டிருந்தது மருந்தே படாத கறுப்புக் கவுனி நெல். சென்னையில் அரிசிக் கடை வைத்திருந்த ஓர் அம்மா மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. மருந்து படக் கூடாது என்பதுதான் ஒரே நிபந்தனை. இப்போது பாதி வயலில் பட்டுவிட்டது.

அவள் ட்ரோன் கம்பெனிக்குப் போன் போட்டாள். "ஆப்பைத் திறக்கும்போதே வயல் மாறினால் நாங்கள் பொறுப்பல்ல என்ற விதிமுறையை ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள், மேடம்" என்று ஒரு குரல் இனிமையாகச் சொன்னது. உண்மைதான். தினமும் காலையில் கொசுவை அடிக்கிற மாதிரி அந்த 'ஏற்கிறேன்' பட்டனை அடிப்பாள். அத்தனை இங்கிலீஷையும் படித்துவிட்டுத்தான் பறப்பது என்றால், புழு அந்துப்பூச்சியாகி அதுவே பறந்துபோயிருக்கும்.

நான் தண்ணீர் கேனுக்குப் பின்னால் நகர்ந்து நின்றேன். லாரியில் இருந்தபோது, பிரேக் பிடிக்காமல் ஒரு டீக்கடைப் பந்தலில் இடித்தோம். பிரேக் செய்த கம்பெனி எங்கோ இருந்தது. என் கன்னம் பக்கத்தில் இருந்தது. டீக்கடைக்காரர் விட்ட அறையில் பல் ஒன்று போயிற்று. தூரத்தில் இருப்பவன்மேல் கேஸ் போட முடியாவிட்டால், பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் அறை. கம்பெனிகளைக் கோர்ட்டுக்கு இழுக்கச் சட்டம் வேண்டும் என்று யார் பேசினாலும் நான் கை தூக்குவது அந்தப் பல்லுக்காகத்தான்.

தம்பி யாரையும் அறையவில்லை. வரப்பில் நின்றபடியே தெரிந்த வக்கீலை ஸ்பீக்கரில் பிடித்து நடந்ததைச் சொன்னார்.

"வயலு யாரு பேர்லங்க?"

"அண்ணன் பேர்ல."

"மருந்தடிக்கச் சொன்னது?"

"அவருதான்."

"அப்ப அண்ணன் வயல்ல அண்ணன் மருந்தடிக்கிறாரு. நீங்க எதுக்குங்க குடையோட உள்ள பூந்தீங்க? அவருதான் உங்க மேல கேஸ் போடணும்."

அடுத்து அண்ணனைப் பிடித்தார். "அந்த மெஷினுக்கு அறிவு வேணாமாடா?" என்றார் அண்ணன்.

"நம்பர் சொன்ன உனக்கு வேணாமாண்ணே?"

 "சரி, இந்த வருஷமாவது பத்திரம் பதிஞ்சிடுவோம்" என்றார் அண்ணன். எல்லா வருடமும் அப்படித்தான் சொல்வாராம்.

மிச்சம் ஒரு போன்தான். தம்பி சென்னை அம்மாவின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லாம விட்டா அவங்களுக்கு எப்படிங்க தெரியும்? கம்பெனி ஒத்துக்கிச்சா, உங்கண்ணன் ஒத்துக்கிட்டாரா? நீங்க மட்டும் எதுக்கு?" என்றேன்.

"அவுங்களுக்கு நான் பட்டனா அமுக்கிக் குடுத்தேன்? வாயால சொல்லிருக்கேன்ப்பா" என்றவர், போட்டுப் பேசிவிட்டார்.

இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் சுத்தமாக இருந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார் அந்த அம்மா. தம்பி குடையை மடக்கிக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். ட்ரோன் ஓட்டுகிறவள், தான் காய்ச்சிக் கொண்டுவந்திருந்த டீயை நீட்டினாள். வாங்கிக் குடித்தார்.

அடுத்த சம்பாவில் அண்ணன் மறுபடி கூப்பிட்டார். பத்திரம் இன்னும் பதிந்தபாடில்லை. இந்த முறை நாங்கள் எண்ணை நம்பவில்லை. அண்ணன் பயிர் செய்கிற வயலை நேரில் நடந்து பார்த்து, வரப்பைக் கையாலேயே குறித்துக்கொண்டோம். அப்படியும் தம்பி தன் கவுனிக்கு நடுவே விடிந்ததிலிருந்து குடையோடு நின்றார். அவர் சாப்பிடப் போனபோது அவர் மனைவி வந்து அதே குடையை வாங்கிக்கொண்டு அதே இடத்தில் நின்றார்.

தம்பி திரும்பி வந்ததும் ட்ரோன் ஓட்டுகிறவள் கத்தினாள்: "உங்க பக்கம் நான் வரமாட்டேங்க! கரையேறி நிழல்ல உக்காருங்க!"

"நீ வரமாட்டம்மா, தெரியும்," என்று அவரும் கத்தினார். "உன் போனு வந்துடும்."