பெரியப்பா அடித்த பாடம்

பள்ளியில் நான்காம் படிவ வகுப்புக்கு எந்தப் பாடங்கள் வேண்டும் என்று கேட்ட பாரத்தில் தமிழ் இலக்கியத்தையும் எழுதியிருந்தேன். கிள்ளானில் தமிழ்ச் சங்கத் தலைவராக இருந்த பெரியப்பா அதைப் பேனாவால் அடித்தார்.

"இதுல ஏ கிரேடு எடுக்கிறது கஷ்டம் லா. ஒரு ஏ குறைஞ்சாலும் டாக்டர் படிப்பு போச்சு."

தன் மகனையோ அவர் தமிழ் வகுப்புப் பக்கமே விட்டதில்லை. அவன் டாக்டரானான். நான் பக்கத்து ஊரான மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன்.

போன வாரம் பெரியப்பா போன் செய்தார். சங்க விழாவில் மகன்தான் வரவேற்புரையாம்.

"நீ நல்லா தமிழ் எழுதுவியே, எழுதிக் கொடும்மா. இங்கிலீஷ் எழுத்துல எழுது, அவனுக்குத் தமிழ் படிக்க வராது."

குரலில் துளிக் கூச்சம் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் இலக்கியம் படிக்கலயே பெரியப்பா. நீங்கதான அடிச்சீங்க?"

போனை வைத்துவிட்டேன்.