கன்னி மூலை அறை

அபிராமம் பக்கம் இருக்கிற எங்கள் ஊரில் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினோம். ஆளுக்கொரு ஆசை. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனுக்கு ஹாலிலிருந்து வளைந்து ஏறும் மாடிப்படி. அக்காவுக்கு அக்கினி மூலையில் பெரிய அடுப்படி, ஒட்டினாற்போல் சாமான் அறை. எனக்கு என் அறைக்குள்ளேயே குளியலறை. குடும்பத் தலைவர் கன்னி மூலையில்தான் படுக்க வேண்டும் என்பதால் எங்களைப் பெற்ற அய்யாவின் அறை தென்மேற்குக் கடைசிக்குப் போனது.

பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் படியை மெச்சினார்கள், அடுப்படியை மெச்சினார்கள், என் குளியலறையைக் கூடத் திறந்து பார்த்து மெச்சினார்கள். வீடு எப்படி என்று யாரும் சொல்லவில்லை. நாங்கள் ஆளுக்கு ஒரு சாண் இழுத்துக்கொண்டதில் அய்யா அறைக்குப் போகும் வழி ஒடுங்கி, இரண்டு இடத்தில் மடங்கியிருந்தது. நடந்து போக வர அது போதும்தான்.

போன மாசியில் ஒருநாள் காலையில் அய்யாவுக்கு வாய் கோணி, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அபிராமத்திலிருந்து ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சர்தான் உள்ளே போகவில்லை. படி வளைவில் முட்டியது. சாய்த்துப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள். வேறு வழி இருக்கா என்று கேட்டார்கள். இல்லை. அய்யா உள்ளே இழுத்துக்கொண்டு கிடக்கிறார், நாங்கள் கட்டிய வீடு அவரை வெளியே விடமாட்டேன் என்கிறது. கடைசியில் போர்வையில் கிடத்தி நாலு பேர் தூக்கினோம். அவர் கால் என் குளியலறைச் சுவரில் இடித்தது.

பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஹாலில் கட்டில் போட்டோம். அண்ணன் விமானம் பிடித்து வந்தான். எதை இடித்து வழியை அகலப்படுத்துவது என்று அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசினோம். படியைத் தொட்டால் மாடி இறங்கிவிடும் என்றான் அண்ணன். அக்கினி மூலையில் கைவைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றாள் அக்கா. குழாயெல்லாம் சுவருக்குள்ளே ஓடுகிறதே என்றேன் நான். குரல்கள் ஏறிவிட்டன.

அய்யா இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். நாக்கு இன்னும் புரளவில்லை. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"ஏலே, சண்ட போடாதீக. என் ரூம இடிச்சிருங்க. நான் இங்கனயே கெடந்துக்கிறேன்."