இருதயம் பலமானவர்களுக்கு மட்டும்

வெள்ளவத்தையில் ஒரு சேலைக் கடையில் நிற்பவன் நான். சேலை விற்பதில் எனக்குத் தெரிந்த பெரிய வித்தை ஒன்றே ஒன்றுதான். வந்தவர் ஒரு சேலையைத் தொட்டுவிட்டு வாங்கத் தயங்கி இழுபட்டால், "அது எல்லாருக்கும் எடுபடாது அக்கா, வேற காட்டட்டோ?" என்று கேட்டுக்கொண்டே மடிக்கத் தொடங்குவேன். உடனே கை நீளும். "இல்லைத் தம்பி, கொஞ்சம் விடுங்கோ பாப்பம்." அவ்வளவுதான், சேலை விலைபோய்விடும்.

ஆகவே காலி வீதி பஸ் தரிப்பிடத்தில் அந்த விளம்பரத்தை முதல்முதல் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கொழும்புக்கு வெளியே ஒரு கேளிக்கைப் பூங்காவில் புதிதாக ரோலர் கோஸ்டர் வருகிறதாம். வண்டியின் படமே இல்லை. கறுப்புப் பின்னணியில் அலறும் ஒரு பெண்ணின் வாய். கீழே மூன்று மொழியிலும்: 'இருதயம் பலமானவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் தயவுசெய்து வரவேண்டாம்.' அட பாவி, இது என்னுடைய வித்தையல்லவா! வராதே என்று சொல்லியே ஆளைக் கூப்பிடுகிறான். சிரித்துக்கொண்டு பஸ் ஏறினேன். கொட்டாஞ்சேனையில் வீட்டு வாசலை அடைவதற்குள் சிரிப்புப் போய்விட்டது.

என் மகளுக்கு நாலு வயதில் இருதயத்தில் ஓட்டை என்று ஒப்பரேஷன் செய்தது. இப்போது பதினேழு. அந்த விஷயத்தை நானும் மனைவியும் அவளுமாக வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தோம். சொந்தக்காரருக்கு நிமோனியா என்று சொல்லிவிட்டோம். வேறென்ன செய்வது? பொம்பிளைப் பிள்ளை. நாளைக்குக் கலியாணம் பேசும்போது சாதகம் பொருந்தினாலும், பிள்ளைக்கு ஏதும் நோய் வருத்தம் இருக்கோ என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் விடமாட்டார்கள் எங்கள் ஆட்கள். அதனால் விபரம் தெரிந்த நாள் முதல் அவளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: ஒருத்தரிட்டையும் சொல்லாத. பள்ளிக்கூடத்தில் நீச்சலுக்குக் கூப்பிட்டால் தடிமன், காய்ச்சல் என்பாள். நன்றாகவே பழகிவிட்டாள்.

பிறகு அந்த விளம்பரம் அவளுடைய போன் வழியாக என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. திறப்பதற்கு இன்னும் இத்தனை நாள் என்று தினமும் ஒரு அறிவித்தல். வெள்ளோட்டத்தில் ஏறி இறங்கினவர்கள் அழுகிறார்கள், சிரிக்கிறார்கள், கையில் கட்டின பட்டி காட்டும் நாடித்துடிப்பை ஏதோ பரீட்சைப் புள்ளி மாதிரித் தூக்கிக் காட்டுகிறார்கள். 'பயந்தாங்கொள்ளிகள் வீட்டிலேயே இருங்கள்' என்கிறது ஒன்று. மற்றப் பிள்ளைகளுக்கு அது சும்மா சீண்டல். என் பிள்ளைக்கு அது நேரே முகத்தைப் பார்த்துச் சொன்னது. அவள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து என் அக்கா வந்திறங்கினார்.

"மருமகளே, ஞாயிற்றுக்கிழமை நானும் நீயும் உந்த ரோலர் கோஸ்டரில ஏறுறம். என்ன, பயமோ?"

"எனக்கென்ன பயம் மாமி?" என்றாள் மகள், என்னைப் பார்க்காமல்.

மனைவி என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "இஞ்சாருங்கோ, என்னத்தைச் சொல்லி மறிக்கப் போறியள்? மச்சாளுக்குத் தெரிஞ்சா உலகத்துக்கே தெரிஞ்ச மாதிரி."

மற்றநாள் கடையின் பின்பக்கம் நின்று கிளினிக்குக்குப் போன் எடுத்தேன். டொக்டர் வெளிநாட்டில். "அவர் வந்தபிறகு கேளுங்கோ, அதுவரைக்கும் பிள்ளையை ஏத்தாதேங்கோ" என்றார் நேர்ஸ். அதை அப்படியே மகளிடம் சொன்னேன். "சரி அப்பா, ஏறமாட்டன். மாமியோட கேற் வாசல் மட்டும் போயிட்டு வந்திடுவன்" என்றாள். நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? அன்றிரவு நித்திரை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேருமாகப் போனோம். எனக்குத் தலைசுற்று என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, பைகளை வைத்துக்கொண்டு மனைவியுடன் கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். வரிசை நெடுக ஒலிபெருக்கியில் டப் டப் என்று இருதயத் துடிப்பு. என்ன கோதாரிக்கு இது? வளைவுக்கு வளைவு ஒரு பலகை: 'இன்னும் நேரமிருக்கிறது, திரும்பிப் போகலாம்.' ஒருத்தர்கூடத் திரும்பவில்லை. எப்படித் திரும்புவது? ஒரு ஆள் போகும் அகலத்தில் பாதையைப் போட்டிருக்கிறார்கள். திரும்பினால் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் ஒதுங்கிக் கூச்சல் போட்டுத்தான் வழிவிடுவார்கள். கெட்டிக்காரர்கள்.

மகளும் அக்காவும் வேலியோரமாக இருந்த ஏறும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அங்கே வேலைக்கு நின்ற பொடியன் ஒவ்வொருவரையும் சிங்களத்திலும், பிறகு உடைந்த தமிழிலும் கேட்டான். "ஹார்ட் வருத்தம் இருக்கா?" அவன் உண்மையாகத்தான் கேட்டான். ஆனால் இதுவும் விளம்பரத்தில் ஒரு பகுதி என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதுபோல நடித்தான். பொடியன் என் மகளிடம் கேட்டான்.

"இல்லை" என்றாள்.

கண்கூட வெட்டவில்லை. நாங்கள் பழக்கியபடியே, அவ்வளவு சுத்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, ஒதுங்கி நிற்காமல், போய் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மனைவி என் கையை நகம் பதியப் பிடித்தாள். சொல்லு என்கிறாளா, சொல்லாதே என்கிறாளா, எனக்கு விளங்கவில்லை.  அக்கா பக்கத்து இருக்கையிலிருந்து கையாட்டுகிறார். இரும்புச் சட்டம் மகளின் தோளில் இறங்கிப் பூட்டுவதைப் பார்த்தேன். என் பிள்ளை செத்துப்போய்விடும் என்றுதான் நினைத்தேன். வேறெதுவும் நினைவில் வரவில்லை.

"மல்லி, நவத்தன்ன!" என்று சிங்களத்தில் கத்தினேன். "நிப்பாட்டுங்கோ! என்ர பிள்ளைக்கு ஹார்ட் ஒப்பரேஷன் செய்தது!"

சட்டம் மேலே போனது. பொடியனின் முகம் வெளிறிவிட்டது. இரண்டு பேரையும் இறக்கிவிட்டார்கள். யாரோ கைதட்டினார்கள், இதையும் நாடகம் என்று நினைத்திருக்க வேண்டும். மகள் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். எனக்கு அக்காவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"அக்கா, அது நிமோனியா இல்லை. அப்ப நாங்கள்..."

"விசரா, எனக்குத் தெரியாதே? உன்ர மாமியார் அப்பவே அழுதழுது எல்லாருக்கும் போன் எடுத்தவ. கனடாவில எங்கட சனம் முழுக்கத் தெரியும். நீங்கள் மறைக்கிறியள் எண்டு நாங்களும் வாய் திறக்கேல்லை." அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "நீ பேசாமல் நிக்க, டொக்டர் ஓம் எண்டிட்டார் ஆக்கும் எண்டெல்லோ நான் நினைச்சன்! ஏனடா முதலே சொல்லேல்லை?"

மனைவி அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. யாரை ஏசுவது? மகள் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் தெரியுமோ மாமி?"

"ஓம் பிள்ளை. எல்லாருக்கும்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப, இவ்வளவு காலமும் நான் மட்டும்தானே அப்பா ஒளிச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்?"