ஒகினுவின் கடைசிச் சுருள்

கியோத்தோவில் முடிதிருத்தகம் வைத்திருந்த முகைதே தெத்சுசோவுக்குப் பழைய ஊமைப்படங்கள் மேல் தீராத பித்து. போருக்கு முந்தைய படங்களில் நெருப்பில் போனது போக மீதியை, குழந்தைகள் கையால் சுற்றிப் பார்க்கும் பொம்மைக் கருவிகளுக்காகத் துண்டு துண்டாக வெட்டி விற்றுத் தீர்த்திருந்தார்கள். அதனால் முழ நீளத் துண்டு கிடைத்தாலும் மனிதருக்குத் தலைகால் புரியாது.

"ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் இந்தச் சுருளெல்லாம் பத்திக்கிட்டு வீடும் சேர்ந்து போகப்போவுது," என்பாள் மனைவி சாயே. சொல்லிக்கொண்டே சுருள் பெட்டியை வெயில் படாத மூலைக்கு நகர்த்தியும் வைப்பாள்.

அவரிடம் இருந்த ஒரே பெரிய படம், ஒகினு என்ற படகுக்காரியின் கதை. முடிவு மட்டும் இல்லை. ஊமைப்படமென்றால் திரைக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் கதை சொல்லியாக வேண்டும். கடை விடுமுறையான திங்கட்கிழமைகளில் தெருக்காரர்களைக் கடைக்குள் கூட்டிவைத்துப் படத்தை ஓட்டி, தெத்சுசோவே சொல்வார். ஒகினு ஆற்றங்கரைக்கு ஓடும்போது படம் அறுந்துவிடும். வெறும் திரையைப் பார்த்தபடி, "குதிச்சிட்டா" என்று குரல் உடைந்து அவளைச் சாகடிப்பார். தெருவே மூக்கைச் சிந்தும்.

அந்த முடிவு ஒசாகாவில் ஊறுகாய் வியாபாரி இசோகாயிடம் இருப்பது தெரியவந்தது. சேர்த்த எதையும் யார் கண்ணிலும் காட்டாத ஆள். தெத்சுசோ நடையாய் நடந்தார். கடைசியில் ஒரு திங்கட்கிழமை இசோகாய் சுருளோடு வந்தேவிட்டார்.

"முன்கூட்டிப் போட்டுக் காட்டமாட்டேன், முகைதே சான். உங்க படம் முடிஞ்சதும் ஓட்டுவேன். பார்த்துக்கிட்டே கதை சொல்லணும். தடுமாறினீங்க, எடுத்துட்டுப் போயிடுவேன்."

தெத்சுசோ தன் படத்தை ஓட்டிக் கதை சொல்லத் தொடங்கினார். பழக்கதோஷம், ஆற்றங்கரை வந்ததும் ஒகினுவைக் குதிக்க வைத்துவிட்டார். சாயே கைக்குட்டையை எடுத்தாள். இசோகாயின் சுருள் ஓடியது. ஒகினு கரையில் உட்கார்ந்து சோற்றுருண்டை தின்றுகொண்டிருந்தாள், வாய்கொள்ளாத சிரிப்போடு.

தெரு மொத்தமும் தெத்சுசோவைத் திரும்பிப் பார்த்தது. அவர் ஒகினுவின் குரலில் ஆரம்பித்தார்.

"யாருப்பா அது, நான் செத்துட்டேன்னு சொன்னது? படகுக்காரிக்கு நீச்சல் தெரியாதா? இப்போ பசிக்குது, சும்மா இருங்க."

கடையே குலுங்கியது. "இத்தனை வருஷமா நான் அழுத கண்ணீரைத் திருப்பிக் குடுங்க," என்றாள் சாயே, சிரித்துச் சிரித்து மூச்சு வாங்க. அப்படியொரு சந்தோஷத்தை அந்தக் கடை அதற்கு முன் கண்டதில்லை.

இசோகாய் மட்டும் சிரிக்கவில்லை. சுருள் ஓடி முடிந்தும் படம் ஓட்டும் கருவியருகே அப்படியே நின்றார்.

"தடுமாறிட்டேனா?" என்று மெல்லக் கேட்டார் தெத்சுசோ.

"இதை வீட்டுல தனியா எத்தனை தடவை ஓட்டியிருப்பேன். இவ எதுக்குச் சிரிக்கிறான்னு இன்னிக்குத்தான் தெரியுது." இசோகாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "பசை இருந்தா கொண்டாங்க. ரெண்டு சுருளையும் ஒண்ணா ஒட்டிடலாம்."