இஞ்ஞாசிக்கு மாறி வந்த ஜாக்கெட்

லிஜின் முதன்முதலாக என் தம்பி இஞ்ஞாசியின் வள்ளத்தில் கடலுக்குப் போகத் தொடங்கிய நாட்களில், ஒரு காலை கரையில் அவனைப் பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தான். தோள்வாரில் நீல வலைநூலால் போட்ட தையல் தெரிந்தது. அது என் கைத்தையல். முந்தின வருஷம் தம்பியின் ஜாக்கெட் பிய்ந்தபோது, வலை பொத்துகிற நூலால் நான்தான் தைத்துக் கொடுத்தேன்.

இஞ்ஞாசியிடம் கேட்டேன்.

“எனக்கு அது இறுக்கமாட்டு இருக்கு, எக்கா” என்றான்.

என் தம்பி ஒல்லியான ஆள். அந்த ஜாக்கெட்டுக்குள் இரண்டு இஞ்ஞாசி நுழையலாம். லிஜினுக்கு அப்போது வீட்டில் கைக்குழந்தை. நான் அதற்கு மேல் கேட்கவில்லை. தம்பியின் பெண்டாட்டி லீமா கேட்டபோது “வள்ளத்தில கெடக்கு” என்று சொல்லியிருக்கிறான். அதுவும் பொய்யில்லை. வள்ளத்தில்தான் கிடந்தது, லிஜினின் உடம்பில்.

இப்படி ஒன்றும் போடாமலேயே தம்பி ரொம்ப நாள் கடலுக்குப் போய் வந்தான். நாகர்கோவிலில் துணிக்கடையில் வேலை பார்க்கும் அவன் மகள் ஜெமிக்கு எப்படியோ இது தெரிந்துவிட்டது. அப்பனிடம் ஒரு வார்த்தை பேசாமல், போனிலேயே ஒரு லைஃப் ஜாக்கெட்டுக்கு ஆர்டர் போட்டாள். எல்லாரும் போடுகிற சாதாரண ஜாக்கெட்தான், உள்ளே மெத்தை போல பஞ்சு வைத்தது.

வந்தது அதுவல்ல.

பக்கத்து ஊர் புதுக்கடையிலிருந்து கூரியர் கொண்டுவருகிற கிருஷ்ணமணி பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, தம்பியும் லீமாவும் அன்று ஊருக்கு வந்திருந்த ஜெமியும் நானும் சுற்றி உட்கார்ந்து பிரித்தோம். உள்ளே கறுப்பு நிறத்தில், கோயிலில் பூசை வைக்கும்போது ஃபாதர் கழுத்தில் போடுகிற பட்டை மாதிரி ஒல்லியாக ஒன்று இருந்தது. ஜெமி அதன் படத்தைப் போனில் தேடிப் பார்த்து வாயைப் பிளந்தாள். இடுப்பில் ஒரு சின்ன சிலிண்டர் இருக்கிறதாம். தண்ணீர் பட்டால் தானாகவே ஊதி, ஆளைத் தூக்கிப் பிடிக்குமாம். மயங்கிக் கிடந்தாலும் முகத்தை வானத்தைப் பார்த்து வைக்குமாம். பெரிய கப்பல்காரர்கள் போடுகிற சாமான். நாங்கள் கொடுத்த விலைக்கு இதன் வார்கூட வராது.

“மாதா நமக்குத் தந்தது” என்று லீமா சொன்னாள்.

இஞ்ஞாசி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள் கவரில் வேறொருவர் பெயர் ஒட்டியிருந்தது. ஜெமி வாசித்தாள். பிஸ்வநாத் என்று ஒருவர். ஊர் பராதீப், ஒடிசாவில் இருக்கிறது.

“பராதீப்பா? அங்க உள்ள ஆளுவளும் கடலுக்குப் போறவங்கதானே” என்றான் தம்பி. “இது அவனுக்க சாதனம். நமக்குள்ளது அவனிட்ட போயிருக்கும். ஏட்டி மக்கா, இத நாளைக்கே திருப்பி அனுப்பு.”

அந்த ஜாக்கெட்டைப் பழைய மாதிரியே நீளக் கவருக்குள் வைத்து, மாதா படத்துக்குக் கீழே உள்ள ஆணியில் மாட்டினான். அன்று முதல் அது அங்கேயே தொங்கியது. கதவைத் திறந்ததும் யாரோ சுவரோடு ஒட்டி நிற்கிற மாதிரி தெரியும். நான் போகிற நேரமெல்லாம் முதலில் அதைப் பார்த்து ஒரு நிமிஷம் திடுக்கிடுவேன்.

சாமான் மாறி வந்துவிட்டது என்று ஜெமி போனில் எழுதினாள். படம் கேட்டார்கள், அனுப்பினாள். திரும்ப எடுக்க ஆள் வரும், சாமான் உபயோகிக்காததாக இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. கிருஷ்ணமணியே வந்தார். போனில் ஒரு படத்தைப் பார்த்தார், கவருக்குள் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

“இத நான் எடுக்க முடியாதே” என்றார்.

“ஏன்?” என்றான் இஞ்ஞாசி.

“எனக்குள்ள படத்துல பஞ்சு ஜாக்கெட்டுல்லா இருக்கு. படத்துல உள்ள சாதனத்த தந்தாதான் நான் எடுக்கணும்.”

“அண்ணே, படத்துல உள்ளது வந்திருந்தா நான் ஏன் திருப்பித் தாறேன்?”

கிருஷ்ணமணி சிரித்தார். இஞ்ஞாசியும் சிரித்தான். லீமா மட்டும் சிரிக்கவில்லை. அவர் போன பிறகு ஜெமி மறுபடியும் எழுதினாள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ஒரே பதில்தான். ஆள் வந்தது, வீட்டில் யாருமில்லை என்று. லீமா வாசலை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்த நாளிலும் அதே பதில் வந்தது.

அது ஆனி மாதம். கடல் சரியில்லை. காற்று அடிக்கிற கடலுக்கு எங்கள் ஆட்கள் பயப்படமாட்டார்கள். இது வேறு. காற்றே இல்லாமல், வானம் தெளிந்து கிடக்கும்போது, அடியிலிருந்து பொங்கி வரும். கள்ளக்கடல் என்று சொல்வோம். தெற்குத் தெருவில் இரண்டு வீட்டுச் சுவரை அது ஏற்கெனவே தின்றிருந்தது. கோயில் மைக்கில் கடலுக்குப் போக வேண்டாம் என்பார்கள். பிறகு போகலாம் என்பார்கள். போகலாம் என்று சொன்ன நாளில்தான் நான் கரையில் போய் நின்று கடலைப் பார்ப்பேன்.

இஞ்ஞாசி போகாமலும் இல்லை. அந்த ஜாக்கெட்டைத் தொடவும் இல்லை.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது லீமா ஆரம்பித்தாள். நானும் அங்கே இருந்தேன்.

“இன்னைக்கு அத இட்டோண்டு போவும். வந்து கழத்தி ஆணியில மாட்டும். ஆரு பாக்கப் போறா?”

“ஒரு திரை மேல அடிச்சா போதும், டப்புன்னு ஊதிரும். பெறவு சிலிண்டரு காலி. அவனுக்கு எதத் திருப்பிக் கொடுப்ப?”

“அவன், அவன், அவன்! அவனுக்குப் பொண்டாட்டி இல்லியா? அவளும் என்னப்போல ஒருத்திதானே. அவளிட்ட கேட்டுப் பாரும், இந்த மனுஷன் ஒண்ணும் போடாம கடலுக்குப் போகட்டும்னு சொல்லுவாளா?”

தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

“அவன் நல்ல சாதனத்துக்குப் பைசா கட்டிட்டு, அது வரும்னு நம்பி இருப்பான். வந்தது நமக்குள்ள பஞ்சு. அதையும் அவன் போடமாட்டான், லீமா. திருப்பிக் கொடுக்கணும்னு அவனும் வீட்டுல மாட்டித்தான் வச்சிருப்பான். நாம இத ஒடனே அனுப்பினாதான் அவனுக்குக் கிட்டும்.”

“நீரு மாட்டி வச்சிருக்கீருன்னா லோகத்துல எல்லாரும் மாட்டி வைப்பாவளா?” என்றாள் லீமா.

நான் நடுவில் புகுந்தேன். “தம்பி, ஃபாதரிட்ட ஒரு வார்த்த கேளேன். அவரு சொல்லுகதக் கேப்பியா?”

“ஃபாதரு போடச் சொல்லிருவாரு, எக்கா” என்று சிரித்தான். “அதான் கேக்கல்ல.”

அவனோடு என்ன பேசுவது? அன்றாடம் குடும்ப ஜெபத்தில் பிஸ்வநாத்துக்காக ஒரு பரலோக மந்திரம் சேர்த்துச் சொல்லத் தொடங்கியிருந்தான். பார்த்தறியாத ஆளுக்கு. லீமா அந்த நேரத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது. நாள் போகப்போக அந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரவில்லை. ஒருவனுக்கு வரவேண்டிய ஏதோ ஒன்று எங்கள் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றே தோன்றியது.

சொந்தப் பைசாவில் வேறொன்று வாங்கித் தருகிறேன் என்று ஜெமி போனில் அழுதாள். “இது போன பெறவு வாங்குவோம், மக்கா. ஒரு வீட்டுக்கு எத்தன ஜாக்கெட்டு?” என்றான். அவள் கேட்காமல் அன்றைக்கே நாகர்கோவிலில் கடையில் தேடி ஒன்று வாங்கினாள். சனிக்கிழமை ஊருக்கு வரும்போது கொண்டுவருவதாக இருந்தாள்.

அதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. காலையில் மைக்கில் போகலாம் என்று சொன்னார்கள். சாயங்காலம் வள்ளம் இறக்கினார்கள். கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் அசையாமல் கிடந்தது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை.

மறுநாள் காலை கரைக்குத் திரும்பும்போதுதான் நடந்தது. எல்லாரும் பார்க்கிற தூரம். பின்னாலிருந்து ஒரு திரை எழும்பி வள்ளத்தைப் புரட்டிப் போட்டது. மூன்று பேரில் ஒருவன் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். லிஜின் நீல நூல் தைத்த ஜாக்கெட்டோடு மிதந்தான். அவனை இழுத்துக் கரையில் போட்டபோது அவன் சொன்னது இதுதான்: “இஞ்ஞாசியண்ணனுக்குத் தலையில அடிச்சிது. நீந்தல்ல. நான் பாத்தேன், நீந்தல்ல.”

மயங்கிக் கிடந்தாலும் முகத்தை வானத்தைப் பார்த்து வைக்கும் என்று ஜெமி வாசித்தது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. ஆண்டவரே, அதை நினைக்கக் கூடாது என்று எவ்வளவு தடுத்தும் வந்தது. மத்தியானம் கடல் அவனைத் திருப்பிக் கொடுத்தது. ஜெமி ஊருக்கு வந்து இறங்கியபோது அவள் கையில் கடைப் பை இருந்தது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, கிருஷ்ணமணி வந்தார். விஷயம் தெரியாமல் வந்துவிட்டார் பாவம். வாசலில் பந்தல் பிரிக்காமல் கிடப்பதைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார்.

“இப்ப சரியான படம் வந்திருக்கு” என்றார். “எடுக்கச் சொல்லி வந்திருக்கு. நான் பெறவு வாறேன், அம்மா.”

லீமா எழுந்து போய் ஆணியிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தாள். கொடுக்க அல்ல. இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “இத நான் கடலுக்குத்தான் கொடுப்பேன்” என்றாள். “எனக்க மாப்பிளயக் கொடுத்தாச்சு, இதையும் கொடுப்பேன்.”

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கிருஷ்ணமணி வெயிலில் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் லீமாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அதை வாங்கி, நானே அவர் கையில் கொடுத்தேன். லீமா இன்றைக்கும் அதற்காக என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அவளைக் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் எனக்கு வேறு வழி இல்லை. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடற்கரைக்குப் போகிற வழியில் என் தம்பி என் வீட்டு வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. கொஞ்சம் சுக்குக்காப்பி வாங்கிக் குடித்தான். டம்ளரைத் திருப்பித் தந்துவிட்டு, போகும்போது சொன்னான்:

“எக்கா, நான் இல்லாத நேரம் கிருஷ்ணமணி வந்தா, லீமா அதக் கொடுக்கமாட்டா. நீ நின்னு கொடுத்து விடு. மழையில நனையாம கொண்டு போகச் சொல்லு, கேட்டியா? நனைஞ்சா ஊதிரும்.”