வெட்டினது தையல் இல்லை

என் கலியாண வேட்டி காணாமல் போனது ஐம்பத்தாறாம் ஆண்டு ஐப்பசியில். அடுத்த கிழமை சைக்கிளின் பின்சில்லு ஆடத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால் இரண்டு கம்பிகளைக் காணவில்லை. வேட்டியைத் திருடுகிறவன் சைக்கிள் கம்பியை ஏன் கழற்ற வேண்டும்? கம்பியைக் கழற்றுகிறவன் சைக்கிளை ஏன் விட்டுவிட்டுப் போக வேண்டும்? வட்டக்கச்சி முழுக்கக் கேட்டுத் திரிந்தேன். எல்லோரும் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். என் மனைவி கமலாசனியும் தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

எங்களுக்குச் சொந்த ஊர் கோப்பாய். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விளைவிக்கக் காணி கொடுக்கிறார்கள் என்று அறிந்து விண்ணப்பம் போட்டு, கிடைத்து, காட்டை வெட்டிக் குடியேறியவர்கள் நாங்கள். வீட்டில் மூன்று பேர். நான், கமலாசனி, என் அக்கா இராசேஸ்வரி. அக்கா இருபத்திரண்டு வயதில் புருசனைப் பறிகொடுத்தவர். தாய் இல்லாத என்னைத் தூக்கி வளர்த்தவரும் அவர்தான். அதனால் வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். வயலில் மட்டும் என் சொல் எடுபடும். அதுவும் அக்கா வயலுக்கு வராத நாட்களில்.

கமலாசனி தைப்பாள். மெஷின் கிடையாது, ஊசியும் நூலும்தான். என் சட்டை, அக்காவின் ரவிக்கை, தலையணை உறை எல்லாம் அவள் கைத்தையல். எப்போது தைக்கிறாள் என்பதுதான் எனக்கு விளங்கியதே இல்லை. விடிய எழும்பினால் மாடு, முற்றம், அடுப்பு, பிறகு என்னோடு வயல், வந்து மறுபடியும் அடுப்பு. இடையில் ஒரு பொழுதும் அவள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. ஆனால் மாதம் ஒருமுறை ஏதாவது ஒன்று தைத்து மடித்து நான் இருக்கிற கதிரையில் வைத்திருப்பாள்.

"இதுக்கு உமக்கு எங்காலை நேரம்?" என்று கேட்டால், "நெல்லு அவிஞ்ச நேரம்" என்பாள். இன்னொரு தரம், "வாய்க்காலிலை தண்ணி வந்து சேருமட்டும்" என்பாள். நெல் அவிக்கும்போது நானும் அங்கேதான் நிற்கிறேன். தண்ணீருக்கு நானும்தான் காத்திருக்கிறேன். எனக்குக் கிடைப்பது கொட்டாவி மட்டும். அவளுக்கு எப்படி ஒரு சட்டைக் கழுத்து கிடைக்கிறது?

இனிச் சொல்லப் போவதைச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

ஐம்பத்துமூன்றில் எங்களுக்கு முதல் பிள்ளை வயிற்றில். கமலாசனி சந்தோசத்தில் ஏழு சின்னச் சட்டை தைத்து வைத்தாள். பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. "பிறக்க முன்னம் பிள்ளைக்குத் தைக்கக் கூடாதெண்டு நான் சொல்லச் சொல்லக் கேட்டியளோ?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். ஏழு சட்டையையும் வளவின் மூலையில் போட்டு எரித்தார்.

ஐம்பத்தைந்து மார்கழியில் இரண்டாவது. இந்த முறை ஊசிப்பெட்டி அக்காவின் கையில். ஒரு தையல் விழவில்லை. ஆண்பிள்ளை, உயிரோடு பிறந்தான். நல்ல அடைமழை, கூரை எல்லாப் பக்கமும் ஒழுகியது. சுற்றியிருந்த பழந்துணியெல்லாம் ஈரம். மூன்றாம் நாள் குளிர் பிடித்துப் போய்விட்டான். மருத்துவிச்சி விமலேஸ்வரி அம்மா வந்து பார்த்துவிட்டு என்னைத்தான் ஏசினார். "ஒரு காய்ஞ்ச சட்டை இல்லையோ இந்த வீட்டிலை? நெல்லு மூட்டையை நனையாமல் வைக்கத் தெரியுது!" அக்கா வாசலில் இருந்தார். அவனுடைய விதி என்று மெல்லச் சொன்னார்.

தைத்தபோதும் போயிற்று, தைக்காதபோதும் போயிற்று. வரம்பில் குந்தியிருந்து இதையே யோசிப்பேன். பயிர் மஞ்சளித்தால் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கலாம். அவர் ஒரு உரத்தின் பெயரையாவது சொல்லுவார். இதை யாரிடம் கேட்பது?

மூன்றாவது பிள்ளை வயிற்றில் வந்தபோது விமலேஸ்வரி அம்மா முன்கூட்டியே வந்து கட்டளை போட்டார். ஆறு சட்டை, ஒரு தொப்பி, எல்லாம் அவித்துக் காயவைத்துப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். "பங்குனி பிறக்கிற நேரம்தான் பிள்ளை. அப்ப உங்களுக்குச் சூடுமிதிப்பு. தைக்க நேரம் வராது. இப்பவே தொடங்குங்கோ" என்றார். சொன்னது சரிதான். அறுவடையும், மாடு விட்டுக் கதிரை மிதிக்கிற சூடுமிதிப்பும் தொடங்கினால் எங்களுக்குச் சாப்பிடவே நேரம் வராது.

அவர் படலையைத் தாண்டியதும் அக்கா சொன்னார்: "ஊசியிலை நூல் ஏறின அண்டைக்கு நான் கோப்பாய்க்கு பஸ் ஏறுவன்."

நான் விமலேஸ்வரி அம்மாவுக்கும் ஓம் என்றேன், அக்காவுக்கும் ஓம் என்றேன். கமலாசனியும் இரண்டு பேருக்கும் ஓம் என்றாள். அவளுக்கும் என்னைப் போலத்தான் குழப்பம் என்று நினைத்து ஆறுதல்பட்டேன்.

அதற்குப் பிறகுதான் வேட்டி போனது, கம்பி போனது. அதோடு வீட்டில் வெள்ளைத் துணித்துண்டுகள் முளைக்கத் தொடங்கின. அரிசிப் பானைக்குள் ஒன்று. கூரைக் கிடுகுக்குள் செருகியபடி ஒன்று. என் சட்டைப் பையில் ஒன்று. வாழை இலைக் கிழிசல் போல ஒன்றுக்கும் உதவாத கோணல் துண்டுகள். அரிவாள் காலில் பட்ட அன்று அப்படி ஒன்றை எடுத்துக் காயத்தைக் கட்டினேன். கமலாசனி வந்தாள், கட்டை அவிழ்த்தாள், பழைய சாரத்துண்டால் கட்டிவிட்டாள், அந்த வெள்ளைத் துண்டைத் தோய்த்துக் காயப்போட்டாள்.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இரண்டு பிள்ளை போன துக்கத்தில் மூளை பிசகிவிட்டதோ?

"உமக்கு என்ன நடக்குது?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை. நீங்கள் போய்த் தண்ணியைத் திருப்பி விடுங்கோ."

தை மாதம், கதிர் முற்றுகிற நேரம். கிளி விரட்டக் கமலாசனி காவல் கொட்டிலில் இருந்தாள். ஒரு மத்தியானம் கஞ்சி கொண்டுபோனேன். அவளுடைய கண் கதிரில்தான் இருந்தது. வாய் கிளிகளை "ஆய்... ஆய்..." என்று விரட்டியது. சேலைத் தலைப்புக்குள் கைகள் மட்டும் என்னவோ செய்துகொண்டிருந்தன. தலைப்பை விலக்கிப் பார்த்தால் மஞ்சள் கம்பளி நூல், அதற்குள் முனை தீட்டிய இரண்டு சைக்கிள் கம்பிகள்.

"என்ரை கம்பி!" என்று கத்திவிட்டேன்.

"சத்தம் போடாதேங்கோ. மச்சாளுக்குக் கேட்கப் போகுது."

"அக்கா தைக்கக் கூடாதெண்டு சொன்னவா எல்லே?"

"இது தையல் இல்லை, பின்னல். மாதர் சங்கத்திலை பழக்கினவை. பின்னலைப் பற்றி மச்சாள் ஒண்டும் சொல்லேல்லை. எண்டாலும் நான் முடிக்கமாட்டன். கடைசி வரியைக் கம்பியிலேயே விட்டுவிடுவன். முடிச்சால்தானே தொப்பி?"

"அப்ப என்ரை வேட்டி?"

"வெட்டினனான்" என்றாள். "வெட்டினது தையல் இல்லை."

கோட்டில் வழக்காடும் புறக்டர்மாரும் இப்படி ஒரு நியாயம் கதைக்கமாட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. எது முதலில் வர வேண்டும் என்று தெரியாமல் கஞ்சியை நானே குடித்துவிட்டேன்.

ஆனால் மாசி நடுவில் அக்காவின் கையில் அகப்பட்டுவிட்டது. சாக்குகளை உதறும்போது ஒரு சாக்குக்குள் இருந்து பொட்டலம் விழுந்தது. அக்கா அதைப் பாயில் விரித்து, ஒவ்வொரு துண்டாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பதினாறு துண்டுகள். ஒரு ஊசித் துவாரம்கூட இல்லை. கம்பியில் தொங்கிய கம்பளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தைச்சிருக்கிறியோ, கமலா?"

"இல்லை மச்சாள். நீங்கள்தான் பாக்கிறியளே."

"அப்ப இது என்ன?"

"துண்டு."

அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, இது தையலோ, தையல் இல்லையோ?"

"ஒரு வகையிலை பாத்தால் இல்லை அக்கா. இன்னொரு வகையிலை..."

"நீ வாயை மூடு."

அன்று கோப்பாய்க்கு பஸ் இருந்தது. அக்கா போகவில்லை. பொட்டலத்தைக் கட்டித் தன்னுடைய பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். கமலாசனியோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெட்டிச் சாவியை இடுப்பை விட்டு எடுக்கவும் இல்லை. அவர் கோபத்தில் இருக்கிறாரா, என்னத்தில் இருக்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், சொன்ன நாளுக்குப் பன்னிரண்டு நாள் முந்தி, கமலாசனிக்குப் பிள்ளை நோ எடுத்தது. காலமில்லாக் காலத்தில் மழையும் வந்தது. அறுத்த கதிர் வயலில் நனைய, ஊரே அதைத் தூக்க ஓடியது. நான் ஆடுகிற சில்லோடு மருத்துவிச்சி வீட்டுக்கு ஓடினேன். விமலேஸ்வரி அம்மா வண்டியில் வந்து இறங்கிக் கொஞ்ச நேரத்தில் பெண்பிள்ளை பிறந்தது. ஒரு கோழிக்குஞ்சு அளவு. அழுதது, ஆனால் மெல்லமாக. கால் இரண்டும் குளிர்ந்துபோய் இருந்தன.

"சட்டையைக் கொண்டாங்கோ!" என்று உள்ளேயிருந்து விமலேஸ்வரி அம்மா சத்தம் போட்டார். அவரால் கமலாசனியை விட்டு அசைய முடியவில்லை. இரத்தம் போய்க்கொண்டிருந்தது. பிள்ளையை அக்காவின் கையில் கொடுத்துவிட்டார். அக்கா பெட்டியைத் திறந்து பொட்டலத்தை அவிழ்த்தார்.

"இதெல்லாம் துண்டு!"

"துண்டெண்டால் தையுங்கோ. பிள்ளை பிறந்திட்டுது, இனி என்ன தடை?" என்றார் மருத்துவிச்சி.

அக்காவுக்குத் தெரிந்த தையல் நெல்லுச் சாக்கின் வாயை மூட்டுவது ஒன்றுதான். எனக்குத் தெரிந்ததும் அதுதான். என்னுடைய காய்ந்த சட்டை ஒன்றில் பிள்ளையைச் சுற்றி அக்கா நெஞ்சோடு அணைத்துக்கொள்ள, நான் ஊசியில் நூல் கோத்தேன். பிறகு நான் அணைக்க, அவர் தைத்தார். ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. ஒரு சட்டைக்கை என் பெருவிரலுக்குத்தான் போதும், இன்னொரு கை ஒரு சிறுமிக்கே போதும். முன்பக்கம் ஒரு சாண், பின்பக்கம் தலையணை அகலம். கழுத்து என்று நினைத்த இடத்தில் அக்கா கையைப் பொருத்திவிட்டார். அதைப் பிரித்து மறுபடியும் தொடங்கினார். பிள்ளையின் அழுகை நின்றுவிட்டது. நான் குனிந்து மூச்சைக் கேட்டேன். இருந்தது.

"என்னடா இது, ஒண்டும் ஒண்டோடை சேருதில்லை" என்றார் அக்கா. அழுகிற குரல். "மூளை குழம்பித்தான் இதை வெட்டியிருக்கிறாள். பாவி, எல்லாம் என்னாலைதான்."

அக்கா தன்னைத் தானே நொந்து அப்படிப் பேசியதை நான் அதுவரை கேட்டதில்லை.

அப்போது கமலாசனி கண்ணைத் திறந்தாள். அவள் மயங்கிக் கிடக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தோம்.

"கரையிலை பாருங்கோ மச்சாள்" என்றாள். குரல் எழும்பவில்லை. "சின்னதா வெட்டு இருக்கும். ஒரு வெட்டு உள்ளது நாலும்தான் இப்பத்தைக்கு."

அக்கா துண்டுகளின் கரையைத் தடவிப் பார்த்தார். இருந்தது. ஒரு வெட்டு உள்ள நான்கு துண்டுகள் ஒன்றோடு ஒன்று சரியாக வந்து இருந்தன.

"ரெண்டு வெட்டு?"

"மூண்டாம் மாசத்துக்கு."

"மூண்டு?"

"வருசம் முடியேக்கை."

அக்கா மிச்சமிருந்த பெரிய துண்டைக் கையில் எடுத்தார். அதன் கரையில் நான்கு வெட்டு. அக்கா கேட்கவில்லை. அவள் தானாகவே சொன்னாள்.

"பள்ளிக்கூடத்துக்கு."

விமலேஸ்வரி அம்மாவும் திரும்பிப் பார்த்தார். அவர் ஆறு சட்டை கேட்டார். அக்கா ஒன்றும் வேண்டாம் என்றார். இவள் இரண்டையும் கேட்காமல் ஒரு வேட்டியை எடுத்து ஒரு பிள்ளை வளர்கிற காலம் முழுவதையும் வெட்டி வைத்திருக்கிறாள். எந்த நேரத்தில், எந்தத் துணிச்சலில், எனக்குத் தெரியாது. இரண்டு பிள்ளையைப் புதைத்த அதே மனிசி.

சட்டை ஒரு மாதிரி முடிந்தது. சாக்குத் தையல், தையல் எல்லாம் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றது. அடுப்படியில் சூடு காட்டிப் பிள்ளைக்குப் போட்டார் அக்கா. தொப்பியின் கடைசி வரியைக் கமலாசனி படுத்தபடியே முடித்தாள். ஒவ்வொரு பின்னல் கண்ணுக்கும் நின்று நின்று மூச்சு வாங்கினாள். இங்கே தா, நான் முடிக்கிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. பின்னல் எங்களுக்குத் தெரியாது. பிள்ளை சூடாகி, திரும்பவும் அழுதது. கமலாசனிக்கு இரத்தமும் நின்றது.

முதல் நாள் போனது. இரண்டாம் நாள் போனது. மூன்றாம் நாள் முழுக்க அக்கா பிள்ளையைக் கீழே வைக்கவில்லை. சாப்பாட்டையும் ஒரு கையால் சாப்பிட்டார். நான் வயலில் கதிர்க்கட்டுகளை அடுக்கிச் சூடு வைத்துக்கொண்டிருந்தேன். கதிர்க்கட்டை எங்கே வைத்தேன், எங்கே எடுத்தேன் என்று நினைவில்லை. வீட்டுப் பக்கம் இருந்து ஏதாவது சத்தம் கேட்குமோ என்று காது மட்டும் அங்கே இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்றும் தெரியவில்லை.

நாலாம் நாள் காலை வந்து வாசலில் நின்றேன். பிள்ளை கமலாசனியிடம் பால் குடித்துக்கொண்டிருந்தது. அக்கா பக்கத்தில் இருந்து, நாலு வெட்டுப் போட்ட அந்தப் பெரிய சட்டைக்கைத் துண்டை மடியில் விரித்துச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார். முகத்தில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

"கமலா."

"என்ன மச்சாள்?"

"கையைக் கட்டையா வெட்டிப்போட்டாய். எங்கடை ஆக்கள் உயரம்."

நான் குசினிப் பக்கமாகப் போய் நின்று அழுதேன்.