காரணமில்லாமல் நடக்க ஏழு நாள்

தேவநாதன் மாஸ்டர் நாற்பத்தாறு வயதுவரை பஸ் ஸ்டாண்டுக்குக்கூட நடந்து போனதில்லை. வீட்டிலிருந்து பட்டறை இருக்கும் பீங்கான் பேட்டை அரைக் கிலோமீட்டர்; அதற்கும் டிவிஎஸ் ஃபிப்டிதான். கொல்லைக்குப் போக மட்டும் வண்டி எடுக்க மாட்டார், அதுவும் சந்து குறுகல் என்பதால் என்று அவர் மனைவி கனகா சொல்வாள்.

அப்படிப்பட்டவர் 2006 ஆகஸ்டில், வால்பாறைக்கு அந்தாண்டை ஒரு வாரம் மலையிலும் மழைக்காட்டிலும் நடக்கப் போகிறேன் என்றார். கேட்டவர்கள் எல்லாரும் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி. சுகர் எவ்வளவு?

விருத்தகிரி முதலாளியின் பொம்மைப் பட்டறையில் அவர் மோல்டு மாஸ்டர். களிமண்ணில் முதல் உருவத்தைக் கையால் செய்து, அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பது வேலை. பிறகு அந்த அச்சுகளில் பிள்ளையார்கள் ஆயிரக்கணக்கில் பிறப்பார்கள். கனகாவுக்கும் அங்கேதான் வேலை. அச்சிலிருந்து வந்த பொம்மைகளின் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் துடைப்பாள். புருஷன் படைத்த தெய்வங்களுக்கு மூக்குச் சிந்திவிடுகிற உத்தியோகம் என்பாள். நான் கடைசி மேசை. வெந்து வந்தவற்றுக்குக் கண் வரைகிறவன்.

வினை ஒரு வரையாட்டில் தொடங்கியது. மலை ஊரில் பரிசுப் பொருள் கடை வைத்திருந்த ஒருவர் வரையாட்டுப் பொம்மைக்கு சாம்பிள் கேட்டிருந்தார். மாஸ்டர் பாடப் புத்தகப் படத்தைப் பார்த்துச் செய்தார். கடைக்காரர் நேரில் வந்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மலையில நிக்கிற ஆடு இல்லீங்க. கறிக்கடை வாசல்ல நிக்கிற ஆடு."

டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். மாஸ்டரின் கூட்டாளி அமீனுதீன் பாய் அப்போது பக்கத்தில் இருந்தார். சவுதியில், தம்மாமில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு வந்து, பேட்டை முனையில் எலக்ட்ரிகல் கடை போட்டவர். அவரும் பொம்மையைக் கையில் வாங்கினார்.

"அவரு சொல்றதுல நியாயம் இருக்குது மாஸ்டர். இதப் பாத்தா எனக்கு இஞ்சி பூண்டு நெனப்புதான் வருது."

மாஸ்டர் சிரிக்கவில்லை. நிஜத்தில் அது எப்படி நிற்கும் என்று தெரிந்துகொள்ள இன்டர்நெட் சென்டருக்குப் போக ஆரம்பித்தார். முதல் பத்து நாள் ஆட்டைப் பார்த்தார். பிறகு ஆட்டுக்குப் பின்னால் இருந்த புல்வெளியை, அதற்கும் பின்னால் இருந்த காட்டை. ஒரு மாதத்தில் ஆடு அவர் பேச்சிலிருந்தே இறங்கிப் போய்விட்டது.

"ஒரு ஜோலியும் இல்லாம, யாரையும் பாக்காம, ஒண்ணும் வாங்காம சும்மா நடக்கணும்டா. ஏழு நாளு. என் ஆயுசுல அது போதும்" என்றார் என்னிடம். கேட்பதற்கு எளிய ஆசையாகத்தான் இருந்தது.

வரைபடம் ஒன்று வரவழைத்தார். அதில் உயரத்தைக் காட்டும் கோடுகள் சுருள் சுருளாக ஓடின. "என்னா இது, யாரோ கட்டவெரல் ரேகைய உருட்டி வெச்ச மாரி இருக்குது" என்று மடித்து வைத்துவிட்டு, மோல்டு அறையில் காலியாகக் கிடந்த மேசையில் நாலடி நீளத்துக்கு மலையையே களிமண்ணில் செய்தார். முகடுகள், பள்ளத்தாக்கு, இரண்டு தேசியப் பூங்கா, நடுவில் தேயிலைத் தோட்டம். நூல் வைத்து அளந்து, ராத்தங்கல் ஒவ்வொன்றுக்கும் ஒரு தீக்குச்சி குத்தினார். வழிகாட்டியாக வர நல்லமுத்து என்கிற வேட்டைத் தடுப்புக் காவலர் ஒப்புக்கொண்டிருந்தார். அவருக்குப் போன் போட்டு ஒவ்வொரு தீக்குச்சியாகச் சொன்னார்.

நல்லமுத்து கடைசித் தீக்குச்சி வரை கேட்டுவிட்டுச் சொன்னார்.

"சார், ரெண்டாம் நாளு நீங்க சொல்ற எடத்துல படுத்தா ஆத்துக்குள்ள படுக்கணும். நாலாம் நாளு பரவால்ல, எஸ்டேட் சர்ச்சுக்குள்ள வருது."

மாஸ்டர் நூலை மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகுதான் பிடிபட்டது. களிமண் சூளையில் வெந்தால் எட்டில் ஒரு பங்கு சுருங்கும். சுருங்கப் போவதையும் சேர்த்துப் பெரிதாகவே செய்து பழகிய கை, மலையையும் அதே மாதிரி பெரிதாகச் செய்திருந்தது.

"சூட்டுல சுருங்கும்னு பெருசா பண்ணிட்டேன்பா."

"மலை சுருங்காதுங்க சார்" என்றார் நல்லமுத்து, பொறுமையாக.

தீக்குச்சிகளைப் பிடுங்கி மறுபடி குத்தினார். அதற்குள் மேசைக்கு வேறு தொல்லை வந்தது. பேக்கிங்கில் இருக்கும் பெரியம்மாள், உச்சி மொட்டையாக இருக்கக் கூடாது என்று மூக்கு உடைந்த பிள்ளையார் ஒருவரை அங்கே உட்கார வைத்தாள். மறுநாள் பக்கத்து முகட்டில் வேல் இல்லாத முருகன். ஒரு வாரத்தில் கழிவுத் தெய்வங்கள் தேசியப் பூங்கா முழுக்கக் குடியேறிவிட்டன. புலி நடமாடும் பகுதியில் இரண்டு லட்சுமி. மாஸ்டர் எல்லாவற்றையும் அள்ளி வாளியில் போட்டுவிட்டு, அவமானப்பட்ட வரையாட்டை மட்டும் உச்சியில் நிறுத்தினார்.

வனத்துறை அனுமதி நாலு பேருக்கு. கிளம்ப இருந்தது மூன்று பேர்: மாஸ்டர், பாய், அனுமதி கேட்டுக் கடிதம் எழுதிய குற்றத்துக்காக நான். கால்பந்துக்காரர்கள் போடும் நீள சாக்ஸ், அட்டைப் பூச்சிக்கு உப்பும் புகையிலையும், ஆளுக்கு மூன்று கிலோ அரிசி என்று பட்டியல் நீண்டது. பாய் பிரியாணி தேக்சா கொண்டுவந்தே தீருவேன் என்று நின்றார்.

"காட்டுல அத யாரு பாய் தூக்குறது?"

"நான் தூக்குறேன். மழ வந்தா தலையில கவுத்துக்கலாம்."

நாலாவது ஆளாக வருகிறாயா என்று கனகாவை ஒருவரும் கேட்கவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. "நடக்கணும்னா ரேஷன் கடைக்கு நடங்க, கையில கேனு தரேன்" என்பதோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணாடம் சாலையில் ஒத்திகை. சுமை பழக வேண்டும் என்று முதுகுப் பையில் கழிவுப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் பத்துக் கிலோ. எங்கள் பக்கம் ஒருவர் நடந்து போகிறார் என்றால் வண்டி கெட்டிருக்க வேண்டும், அல்லது வீட்டில் சண்டை. முதல் நாலு கிலோமீட்டருக்குள் ஏழு பேர் வண்டியை நிறுத்தினார்கள். கரும்பு டிராக்டர்காரர், லோடோடு பாதி ரோட்டில் நின்றார்.

"ஏறுங்க மாஸ்டர்."

"இல்லப்பா, சும்மா நடக்குறேன்."

"சும்மான்னா?"

மாஸ்டர் நடையை எட்டிப் போட்டார். டிராக்டர்காரர் கொஞ்ச தூரம் கூடவே உருட்டிக்கொண்டு வந்து, தனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்து தனியார் பஸ் ஒன்று நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து மெதுவான குரலில், "காசப் பத்தி நெனைக்காதீங்கண்ணே, ஏறுங்க" என்றார். ஜன்னலோரத்தில் ஒரு அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மாஸ்டர் கூசிப்போய்த் திரும்ப, முதுகில் ஃபியூஸ் கட்டைகள் கலகலத்தன.

அடுத்த வண்டி நின்றபோது பாய் முந்திக்கொண்டார். "வேண்டுதல்."

பைக்கில் வந்தவர் உடனே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு பெண்ணாடம் வரைக்கும் பாய்தான் பதில் சொன்னார்.

"ஒரே வார்த்த. ஒருத்தன் அதுக்கு மேல கேட்டானா பாருங்க. தொப்பி போட்டவன் சொல்றேன், அதயும் நம்புறானுங்க."

லீவுக்கும் அந்த வார்த்தையே கைகொடுத்தது. விருத்தகிரி முதலாளியிடம் கல்யாணம், சாவு, வேண்டுதல் மூன்றுக்குத்தான் லீவு கிடைக்கும். முதல் இரண்டுக்குச் சாட்சி கேட்பார். மூன்றாவதுக்குத் தாடி இருந்தால் போதும். அனுமதிக் கடிதம் ஜனவரி இருபத்திரண்டில் நடை தொடங்க என்று தேதி போட்டு வந்திருந்தது. தேதியை மாற்ற முடியாது என்றும் அடியில் போட்டிருந்தது. மார்கழி தொடக்கத்தில், முதலாளி மோல்டு அறைக்கு வந்த ஒரு காலையில் மாஸ்டர் பேச்சை எடுத்தார்.

"ஏழு நாளா? என்னா விசேஷம்?"

"வேண்டுதல் மொதலாளி. மலை."

"எந்தச் சாமி?"

மாஸ்டர் சாமியை யோசித்து வைத்திருக்கவில்லை. மேசையைப் பார்த்தார். உச்சியில் ஒன்றுதான் நின்றது.

"அதாங்க" என்றார். "வரையாட்டப்பன்."

முதலாளி செருப்பைக் கழற்றினார்.

மறுநாளே பெரியம்மாள் ஆட்டின் கழுத்தில் மஞ்சள் துணி கட்டினாள். அந்த வாரம் சூளையிலிருந்து இறங்கிய நானூறு பொம்மைகளில் ஒன்றுகூட விரிசல் விடவில்லை. புது பர்னர் மாட்டியிருந்ததுதான் காரணம். ஆனால் பர்னருக்கு யார் கற்பூரம் காட்டுவார்கள்? முதலாளி ஆட்டுக்குக் காட்டினார். பொங்கலுக்கு முந்தின வாரம் வந்த ஸ்ரீமுஷ்ணத்து மொத்த வியாபாரி ஒருவர், கும்பிட்ட கையோடு விலை கேட்டார். மாசி மகக் கூட்டத்தில் விற்க மூவாயிரம் வரையாட்டப்பன் வேண்டுமாம்.

ஒரு அச்சு ஐம்பது அறுபது பொம்மைக்கு மேல் தாங்காது, தேய்ந்துவிடும். மூவாயிரத்துக்கு ஐம்பது அறுபது அச்சாவது வேண்டும். அத்தனையும் எடுக்க மாஸ்டரை விட்டால் ஆளில்லை.

"வேண்டுதல மாசிக்கு அப்பறம் வெச்சிக்க தேவா" என்றார் முதலாளி. "சாமி ஒண்ணும் சொல்லாது. அதோட வேலயத்தான பாக்குற."

 மாஸ்டர் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை உரித்துக்கொண்டே நின்றார். பிறகு சொல்லிவிட்டார்.

"மொதலாளி, அந்தச் சாமி பொய்யி."

"எது?"

"ஆடு. நான்தான் சொன்னேன், லீவுக்காக. நான் சும்மா நடக்கப் போறேன். கோயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல."

முதலாளி கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இருவது வருஷமா நீ செஞ்ச சாமியத்தான் நான் வித்துக்கிட்டு இருக்கறேன் தேவா. அதுல எதயாவது நேர்ல பாத்துட்டு வந்தா செஞ்ச?"

 மாஸ்டர், பாய் வாங்கி வந்திருந்த நீள சாக்ஸை அவர் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து அச்சு எடுக்க உட்கார்ந்தார். கனகா ஸ்பாஞ்சு மேசையிலிருந்து எழுந்து வந்தாள்.

"சாக்ஸ குடுத்துட்டீங்களாமே."

"ம்."

அவள் கொஞ்ச நேரம் அவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் மேசைக்குப் போய்விட்டாள்.

பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை. முதலாளி ஆட்டுக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார், நாங்கள் சுற்றி நின்றோம். ஸ்பாஞ்சு மேசைப் பக்கம் வாளி உருண்டது. கனகா கொண்டையை அவிழ்த்துவிட்டு நடுவில் வந்து நின்றாள். உடம்பு ஆடியது. பெரியம்மாள் ஓடிப்போய்த் திருநீறு கொண்டுவந்தாள்.

"யாரு தாயி வந்திருக்கறது?" என்றார் முதலாளி, கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு.

"தெரியலியாடா உனக்கு? மலையில இருக்கறவன்டா."

முதலாளியை ஒருவர் 'டா' போட்டுப் பட்டறையில் பேசியது அதுதான் முதல் தடவை. வார்ப்புப் பிரிவிலிருந்துகூட ஆட்கள் ஓடி வந்தார்கள்.

"என் ஆளு ஏழு நாளு நடக்கறேன்னான். நீ யாருடா நிறுத்தறதுக்கு?"

"நிறுத்தலிங்க சாமி. மாசி மகம் ஆர்டர் இருக்குது. அது முடிஞ்சதும் நானே பஸ் ஏத்தி வுடறேன்."

"மாசியில எனக்கு வேற வேல இருக்குது."

முதலாளி கொஞ்சம் யோசித்தார். எவ்வளவு பயந்தாலும் அவர் வியாபாரி.

"அஞ்சு நாளு போதாதுங்களா சாமி?"

"எட்டு."

"ஏழுன்னுதான சாமி சொன்னீங்க?"

"நீ பேசறதுக்கு முன்ன ஏழு. இப்ப எட்டு. சம்பளத்தோட."

"சரிங்க சாமி, சரிங்க."

"அவன தனியா அனுப்பாத. வழிய கோட்ட வுட்டுட்டு நிப்பான். அந்தப் பொம்பளயயும் அனுப்பு."

"எந்தப் பொம்பள சாமி?"

"நான் ஏறி நிக்கறனே, இவளத்தான்டா."

முதலாளி தரையில் விழுந்து கும்பிட்டார். சாமி மலையேறியது. கனகா பெரியம்மாள் தோளில் சாய்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, "என்னா ஆச்சி, ஏன் எல்லாரும் நிக்கறீங்க?" என்று கேட்டாள். கொண்டையைப் போட்டுக்கொண்டு, உருண்ட வாளியை நிமிர்த்திப் பாதியில் விட்ட பொம்மையை எடுத்தாள். முதலாளி ஆபீஸ் அறைக்குப் போய், மூவாயிரத்தில் ஆயிரம் பொம்மையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போன் போட்டார். மாஸ்டர் மட்டும் கையில் காய்ந்த பிளாஸ்டரோடு அப்படியே நின்றார்.

சும்மா நடக்க ஆசைப்பட்டவரை ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறையே மாலை போட்டு பஸ் ஏற்றியது. எலுமிச்சம்பழ மாலை. துணைக்கு என்று என்னையும் முதலாளி விட்டுவிட்டார். வழியில் உடைக்கச் சொல்லி ஆளாளுக்குக் கொடுத்த தேங்காய்கள் பாயின் தேக்சாவில் நிரம்பி வழிந்தன. "பாத்தீங்களா, தேக்சா வேணான்னீங்க" என்றார் பாய். கனகா புடவைக்குக் கீழே நீள சாக்ஸும் கேன்வாஸ் ஷூவும் போட்டு, ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்துகொண்டாள்.

பஸ் ஊரைத் தாண்டியது. மாஸ்டர் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்.

"கனகா. அன்னைக்கி நெஜமாவே வந்துச்சா?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "நெஜமா வந்திருந்தா பத்து நாளு கேட்டிருக்கும்."

மாஸ்டர் அதை யோசித்துக்கொண்டு வந்தார். இரண்டு நிறுத்தம் போனது.

"அப்ப பத்தே கேட்டிருக்கலாம்ல."

"கேக்கலாம்னுதான் வாயெடுத்தேன். மொதலாளி மூஞ்சப் பாத்தேன், பாவமா இருந்துச்சி."